பொட்டை அழித்தால் சிங்களமாகிவிடலாமா?

கேள்வி:

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு தொடர்மாடி. மகளுக்கு நாலரை வயது. அவள் போகும் நேர்சரியில் தமிழ், சிங்கள, முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள். அவளுடைய உயிர்த் தோழியே ஒரு சிங்களப் பிள்ளைதான். திடீரென்று ஒருநாள் வந்து, "அவளோட இனி விளையாட மாட்டன். அவ சிங்களம். சிங்கள ஆக்கள் கூடாத ஆக்கள்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்படியெல்லாம் சொல்லக்கூடாது" என்று அதட்டி வாயை மூட வைத்துவிட்டேன். அடுத்த வாரம் பஸ்ஸில் போகும்போது, "அம்மா, என்ட பொட்டை அழிச்சு விடுங்கோ, நாங்களும் சிங்களமா மாறுவம்" என்கிறாள். எங்கள் மாடியில் அபாயா அணியும் ஒரு முஸ்லிம் பெண் இருக்கிறார். லிப்டில் அவரைக் கண்டால் இவள் என் பின்னால் ஒளிகிறாள். மாமி எங்களோடுதான் இருக்கிறார். 83 கலவரத்தில் வீட்டை இழந்தவர். "அவங்களை நம்பாதேங்கோ" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. கணவரோ, "சின்னப் பிள்ளை, விடு, மறந்துவிடும்" என்கிறார். நாங்கள் இருவரும் பிள்ளைக்கு முன்னால் இனத்தைப் பற்றி ஒரு சொல்கூடக் கதைப்பதில்லை. அப்படியிருக்க இது எங்கிருந்து வந்தது? என் பிள்ளை இனவாதியாக வளர்கிறாளா? அடுத்த வருடம் தரம் ஒன்றில் சேர்க்க வேண்டும். தமிழ் மொழிமூலத்தில் சேர்த்தால் இது இன்னும் கூடிவிடுமா?

ஒரு தாய், கொழும்பு 6

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். உங்கள் மகள் இனவாதியாக வளரவில்லை. அந்த வயதுப் பிள்ளைகள் எல்லோரும் செய்வதைத்தான் செய்கிறாள். தன்னைச் சுற்றியுள்ள ஆட்களில் யார் எந்தப் பக்கம், தான் எந்தப் பக்கம் என்று வகை பிரித்துப் பார்க்கிறாள். வித்தியாசம் கண்ணில் படுவது தானாக வருகிறது. அந்த வித்தியாசம் நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பு எங்களிடமிருந்து போகிறது. "எங்கிருந்து வந்தது" என்று நீங்கள் கேட்டதற்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிறந்த குழந்தைக்கு எல்லா இனத்து முகமும் ஒன்றுதான். 2005 இல் இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வில், பிறந்து சில நாட்களேயான குழந்தைகள் எந்த இனத்தவரின் முகத்தையும் கூடுதலாகப் பார்க்கவில்லை. மூன்று மாதக் குழந்தைகளோ தங்கள் இனத்தவரின் முகத்தைக் கூடுதல் நேரம் பார்த்தன. அடுத்த வருடம் இஸ்ரேலில் நடந்த ஆய்வு இதற்குக் காரணத்தைக் காட்டியது. எத்தியோப்பியாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில், கறுப்பர் வெள்ளையர் இரு தரப்பையும் தினமும் பார்த்து வளர்ந்த குழந்தைகளிடம் அந்தச் சாய்வு இருக்கவில்லை. கண் பழகிய முகத்தைத் தேடுகிறது, அவ்வளவுதான். அதில் வெறுப்பு எதுவும் இல்லை.

ஆனால் இலங்கையில் முகத்தைப் பார்த்து இவர் தமிழரா சிங்களவரா என்று சொல்ல பெரியவர்களுக்கே முடிவதில்லை. இங்கே பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் அடையாளம் பேச்சு. கதரின் கின்ஸ்லர், எலிசபெத் ஸ்பெல்கி ஆகிய உளவியலாளர்கள் 2007 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பத்து மாதக் குழந்தைகளுக்கு இரண்டு பெண்களை வீடியோவில் காட்டினார்கள். ஒருவர் குழந்தையின் வீட்டு மொழியிலும் மற்றவர் வேறு மொழியிலும் பேசிவிட்டு, இருவரும் ஒரே மாதிரியான விளையாட்டுப் பொருளைப் பேசாமல் நீட்டினார்கள். குழந்தைகள் தங்கள் மொழிக்காரியின் பொருளையே நாடின. இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவின் ஐந்து வயது வெள்ளைப் பிள்ளைகளிடம் யாரை நண்பராக்க விருப்பம் என்று கேட்டபோது, வேற்று உச்சரிப்போடு பேசும் வெள்ளைப் பிள்ளையை விட்டுவிட்டுத் தங்களைப் போலவே பேசும் கறுப்புப் பிள்ளையைத் தெரிந்தார்கள். தோல் நிறத்தைவிடப் பேச்சு பெரிதாக இருந்திருக்கிறது. கொழும்பில் மூன்று மொழி காதில் விழ வளரும் பிள்ளை, யார் எந்த மொழி என்பதை மிகச் சீக்கிரம் பிடித்துக்கொள்வதில் வியப்பில்லை.

இப்போது பொட்டுக்கு வருவோம். உங்களை மிகவும் கலங்கவைத்தது அதுதான் என்று எழுத்திலேயே தெரிகிறது. நாலரை வயதில் பிள்ளைக்கு இனம் என்பது பிறப்போடு வரும் ஒன்று, மாறாத ஒன்று என்று இன்னும் விளங்காது. உடுப்பு, பொட்டு, தொப்பி, முக்காடு, இவைதான் இனம் என்று நினைக்கும். கனடாவில் பிரான்சஸ் அபூட் என்ற உளவியலாளர், இத்தாலிய வம்சாவளிச் சிறுவன் ஒருவன் பழங்குடி மக்களின் உடையை ஒவ்வொன்றாக அணிந்துகொள்ளும் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். சிறிய பிள்ளைகள் அவன் பழங்குடியாகவே மாறிவிட்டான் என்றார்கள். எட்டு வயதை எட்டியவர்கள்தான் உடுப்பு மாறினாலும் ஆள் அதே ஆள்தான் என்றார்கள். உங்கள் மகளும் அந்தச் சிறிய பிள்ளைகளைப் போலத்தான் யோசிக்கிறாள். பொட்டைத் துடைத்தால் சிங்களமாகிவிடலாம் என்பது அவள் வயதுக்குச் சரியான கணக்கு.

ஆனால் ஏன் மாற விரும்புகிறாள் என்ற கேள்வி மிஞ்சுகிறது. அதை லேசாக விட முடியாது.

அவள் இதைக் கேட்டது பஸ்ஸில். உங்களிடம் ஒன்று கேட்கிறேன், குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 101 இலக்க பஸ்ஸில் நெரிசலுக்குள் நிற்கும்போது மகள் தமிழில் உரத்து ஏதாவது கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஆலோசனைக்காக என்னிடம் வரும் தாய்மாரில் பலர் குரலைத் தாழ்த்துகிறார்கள். உதட்டில் விரலை வைக்கிறார்கள், அல்லது பிள்ளையின் கையை இறுக்குகிறார்கள். சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையோடு வரிசையில் நின்ற காலத்தில் வளர்ந்தவர்களுக்கு அது உடம்போடு ஊறிய பழக்கம். அந்தக் காலத்தில் பலரைக் காப்பாற்றிய பழக்கமும்தான். போர் 2009 மே மாதம் முடிந்தது, பழக்கம் மட்டும் போகவில்லை. பிள்ளைக்கு அந்த வரலாறு எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிவதெல்லாம், வீட்டில் வாய் நிறையச் சிரித்துக் கதைக்கிற அம்மா, சிங்களம் கதைக்கிற ஆட்களுக்கு நடுவில் தமிழை விழுங்குகிறா என்பதுதான். இதிலிருந்து ஒரு பிள்ளை இரண்டு முடிவுக்கு வரலாம். அந்த ஆட்கள் பயப்பட வேண்டியவர்கள் என்பது ஒன்று. நாங்களும் அவர்களாகிவிட்டால் பயமில்லை என்பது மற்றது. உங்கள் மகள் ஒரு வாரத்துக்குள் இரண்டையும் சொல்லியிருக்கிறாள். வெளியே பார்க்க நேரெதிராகத் தெரிகிற இந்த இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே பயம்.

சிறுபான்மைப் பிள்ளைகளிடம் இந்த இரண்டாவது முடிவைத்தான் நான் கூடுதலாகக் கவனிக்கிறேன். 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் மூன்று முதல் ஏழு வயது வரையான கறுப்பினப் பிள்ளைகளிடம் நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் கொடுத்தார்கள். எது நல்ல பொம்மை, எதோடு விளையாட விருப்பம் என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளை வெவ்வேறு பாடசாலைகளில் பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954 இல் தீர்ப்பளித்தபோது இந்த ஆய்வும் அதில் எடுத்துக்காட்டப்பட்டது. அந்தப் பிள்ளைகளை உட்கார வைத்து "நீ குறைந்தவள்" என்று யாரும் பாடம் நடத்தவில்லை. கடையிலும் தெருவிலும் பஸ்ஸிலும் யாருக்கு எந்த இடம் என்று பார்த்தே அறிந்திருந்தார்கள்.

"இனத்தைப் பற்றி ஒரு சொல்கூடக் கதைப்பதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் நடுத்தர வர்க்கத் தமிழ் வீடுகளில் இதை நல்ல வளர்ப்பின் அடையாளமாகப் பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சொல் இல்லாத இடத்தில் பிள்ளை உடம்பைப் படிக்கிறது. என் அறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆட்கள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஐந்து வயதுப் பையன். பிறந்தநாள் விருந்து விளையாட்டுக்காக சின்னச் சின்னப் படங்களைக் கொடுத்து, மேசையைச் சுற்றி ஆட்களை இருத்தச் சொன்னேன். எல்லோரையும் கேக்குக்குக் கிட்ட நெருக்கி வைத்தான். வெள்ளைத் தொப்பி போட்ட முஸ்லிம் தாத்தாவின் படத்தை மட்டும் மேசையின் அந்தப் பக்க முனையில் கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்தான். "ஏன் தாத்தா அங்கே?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. பக்கத்தில் கிடந்த குஷனை எடுத்து இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தோளைக் குறுக்கி, "அம்மா இப்பிடிப் பிடிப்பா" என்றான். புறக்கோட்டையில் நடக்கும்போது தாய் கைப்பையைப் பிடிக்கும் விதம் அது. தாய் அருகில்தான் இருந்தார். முஸ்லிம்களைப் பற்றிப் பிழையாக ஒரு வார்த்தை வீட்டில் பேசியதில்லை என்று சற்று முன்னர்தான் சொல்லியிருந்தார். அது பொய்யல்ல. உண்மையாகவே பேசியதில்லை.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017 இல் இதையே சோதித்துக் காட்டினார்கள். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு வீடியோ. அதில் சிலர் ஒரு பெண்ணைச் சிரித்த முகத்தோடும் கனிந்த குரலோடும் வரவேற்கிறார்கள். இன்னொருத்தியிடம் அதே வார்த்தைகளை இறுகிய முகத்தோடு சொல்கிறார்கள். பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு முதலாமவளையே பிடித்துப் போனது. அவளுடைய தோழி என்று பிறகு அறிமுகப்படுத்தப்பட்ட, வீடியோவில் வராத ஒருத்தியையும் சேர்த்தே பிடித்துப் போனது. ஓர் ஆள் மீதான சாய்வு அவரோடு சேர்ந்தவர்களுக்கும் தாவியது. உங்கள் லிப்டுக்குள் நடப்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொழும்பில் எத்தனையோ பேர் அபாயாவைக் கண்டால் ஒரு கணம் விறைத்துப்போகப் பழகிவிட்டார்கள். அப்போது உங்கள் மகள் பிறக்கவேயில்லை. அந்தப் பயம் அவளுடையதாக இருக்க முடியாது.

சொல் வழியாகப் போவதும் உண்டு. இங்கே ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. பச்சையான வசையைவிட "அவங்கள் எல்லாம் அப்படித்தான்" என்ற வாக்கிய அமைப்பே கூடுதல் ஆழமாக இறங்குகிறது. நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் மார்ஜோரி ரோட்ஸும் சக ஆய்வாளர்களும் 2012 இல், 'சார்ப்பி' என்று இல்லாத ஓர் இனத்தைக் கற்பனை செய்து ஒரு படப் புத்தகம் தயாரித்தார்கள். அதில் வந்தவர்கள் நிறத்திலும் வயதிலும் எல்லாவிதமாகவும் இருந்தார்கள். சில பிள்ளைகளுக்கு "சார்ப்பிகள் பூச்சிக்குப் பயப்படுவார்கள்" என்று வாசித்தார்கள். வேறு சிலருக்கு "இந்தச் சார்ப்பி பூச்சிக்குப் பயப்படுகிறார்" என்று வாசித்தார்கள். சொன்ன விஷயம் ஒன்றுதான். ஆனால் முதல் விதமாகக் கேட்ட நாலு வயதுப் பிள்ளைகள், சார்ப்பிகள் பிறவியிலேயே வேறு வகை, அவர்களை மாற்ற முடியாது என்று நம்பத் தொடங்கினார்கள். நல்லதைச் சொன்னாலும் இந்த வாக்கியம் அதே வேலையைத்தான் செய்யும் என்பது என் கருத்து. "முஸ்லிம் ஆக்கள் நல்லாச் சமைப்பினம்", "சிங்கள ஆக்கள் நல்லா உபசரிப்பினம்" என்பதைக்கூட நான் விரும்புவதில்லை. "மேல் மாடி ஆன்ட்டி நல்ல வட்டிலப்பம் செய்வா" என்றால் போதும்.

மாமியைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் எரிந்த வீடு ஒன்றிலிருந்து தப்பி வந்தவருக்கு, "அப்படிப் பேசாதீர்கள், பிள்ளை கெட்டுவிடும்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கோ எனக்கோ இல்லை. அவர் சொல்வது கட்டுக்கதையுமல்ல. அவர் பட்டது பட்டதுதான். அதை மறுத்தால் அவர் இன்னும் உரத்துத்தான் சொல்வார். பிள்ளை இல்லாத நேரமாகப் பார்த்து அவர் பக்கத்தில் இருந்து, அந்த நாட்களில் என்ன நடந்தது என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் முழுவதையும் கேளுங்கள். உங்கள் கணவர்கூட இதுவரை முழுக்கக் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். பல வீடுகளில் அப்படித்தான். கேட்ட பிறகு ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பேத்திக்கு முன்னால் "சிங்களவர் எரிச்சவங்கள்" என்பதற்குப் பதிலாக "காடையர் எரிச்சவங்கள்" என்று சொல்லட்டும். அதில் உண்மை எதுவும் குறையவில்லை. எரித்தது ஆட்கள். அவர்களைத் தூண்டியவர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் ஆட்கள். தமிழரைத் தங்கள் வீட்டு அறைகளில் ஒளித்து வைத்த சிங்களவர்களும் அதே ஒழுங்கைகளில் இருந்தார்கள். மாமிக்கு அப்படி யாராவது உதவியிருந்தால் அதையும் சொல்லட்டும். இல்லையென்றால் வற்புறுத்த வேண்டாம். இல்லாத நல்ல சிங்களவரைக் கதையில் புகுத்துவது அவருக்குச் செய்யும் அநியாயம். 83 இன் முழுக் கதை நாலரை வயதுக்கு உரியதல்ல. ஒன்பது பத்து வயதில், காரணங்களையும் விளங்கிக்கொள்ளக்கூடிய பருவத்தில், அவள் அதை அறியத்தான் வேண்டும். அதை அப்பம்மா வாயால் அறிந்தால் இன்னும் நல்லது.

கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு 2011 இல் வெளிவந்தது. பிற இனத்தவர் மீதான தப்பெண்ணம் இரண்டு வயதுக்குப் பிறகு ஏறி, ஐந்து ஏழு வயதில் உச்சத்துக்குப் போய், பத்து வயதை நெருங்கும்போது ஓரளவு இறங்குகிறது என்று அது சொல்கிறது. ஒரே ஆள் ஒன்றில் கெட்டவராகவும் இன்னொன்றில் நல்லவராகவும் இருக்கலாம் என்று அப்போதுதான் பிள்ளைக்கு விளங்கத் தொடங்குகிறது. ஆனால் எல்லா இடத்திலும் எல்லாப் பிள்ளைக்கும் அது தானாக இறங்கிவிடுவதில்லை. வட அயர்லாந்தில் போல் கொனலியும் குழுவினரும் 2002 இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கத்தோலிக்க, புரட்டஸ்தாந்துப் பிள்ளைகளுக்கிடையே மூன்று வயதிலேயே கொடிகள், பொலிஸ் பற்றிய விருப்பு வெறுப்பில் சிறு வேறுபாடுகள் இருந்தன. ஆறு வயதில் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் தங்களை ஒரு தரப்போடு சேர்த்துப் பேசினார்கள். கிட்டத்தட்ட ஆறில் ஒரு பிள்ளை மற்றத் தரப்பைப் பற்றிப் பிழையாகப் பேசியது. பிரிந்து வாழும், பிரிந்து படிக்கும் ஊரில் பிள்ளைகள் இப்படித்தான் வளர்கிறார்கள். எங்கள் நாட்டுக்கும் இது பொருந்தும். அதனால் "விடு, மறந்துவிடும்" என்று இருந்துவிட முடியாது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

அன்று மூடச் சொன்ன வாயைத் திறக்க விடுங்கள். "சொல்லக்கூடாது" என்றதில் அவள் கற்றது, இது அம்மாவோடு கதைக்க முடியாத விஷயம் என்பதை மட்டுமே. குளிக்க வார்க்கும்போதோ தலை வாரும்போதோ, முகத்தை முகம் பார்க்காத ஒரு நேரத்தில் தொடங்குங்கள். "அண்டைக்கு நீங்கள் சொன்னதை அம்மா சரியாக் கேக்கேல்ல. அவ சிங்களம் எண்டது சரி. அவேன்ட வீட்டில சிங்களம் கதைப்பினம், எங்கட வீட்டில தமிழ் கதைக்கிறம். உங்கள் ரெண்டு பேருக்கும் என்ன நடந்தது?" பெரும்பாலும் ஒரு ஊஞ்சலோ, கிரயோன் பெட்டியோ, வேறொரு பிள்ளையோ வெளியே வரும். இந்த வயதில் பிள்ளைகள் முதலில் சண்டை பிடிப்பார்கள், காரணத்தைப் பிறகு தேடுவார்கள். கைக்கெட்டும் காரணம் எதுவோ அதை எடுத்துக்கொள்வார்கள். அப்பம்மாவிடம் கேட்ட ஒரு பேச்சு கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. அவள் தள்ளிவிட்டாள் என்று மகள் சொன்னால், "தள்ளினது பிழைதான். போன கிழமை உங்கட மச்சாளும் தள்ளினவதானே, அவ தமிழ்தானே" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பிரசங்கம் வேண்டாம். மிச்சத்தை அவள் யோசிப்பாள்.

பொட்டைப் பற்றி மீண்டும் கேட்டால், "பொட்டு வச்சாலும் வைக்காட்டியும் நீங்கள் தமிழ்ப் பிள்ளைதான். விருப்பமெண்டா வையுங்கோ, இல்லாட்டி விடுங்கோ. ஆருக்கும் பயந்து அழிக்கத் தேவையில்லை" என்று சொல்லுங்கள். அந்தக் கடைசி வசனம் உங்கள் குரலிலும் உண்மையாக இருக்க வேண்டும். அதற்கு நீங்களே கொஞ்சம் பழக வேண்டியிருக்கும். பஸ்ஸில் அவளோடு தமிழில், வீட்டில் கதைக்கும் அதே சத்தத்தில் கதையுங்கள். பக்கத்து இருக்கையில் உள்ளவரிடம் சிங்களத்தில் நேரம் கேளுங்கள், நடத்துனரிடம் சிங்களத்தில் மிச்சக் காசு கேளுங்கள், திரும்பி அவளிடம் தமிழில் பேசுங்கள். அம்மாவுக்கு இரண்டு மொழியும் வசதியாக இருக்கிறது என்று அவள் பார்க்கட்டும்.

லிப்டில், நீங்கள் முந்திக்கொண்டு அந்தப் பெண்ணுக்கு வணக்கம் சொல்லிப் பெயரைக் கேளுங்கள். பிள்ளையை முன்னே தள்ள வேண்டாம், உங்கள் பின்னால் நின்றே பார்க்கட்டும். அடுத்த முறை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர் முகத்தையும் மூடுபவராக இருந்தால் பிள்ளை மிரளுவது இயல்பு. முகம் தெரியாத யாரைக் கண்டாலும் இந்த வயதில் மிரட்சி வரும். குரல் பழகினால் போய்விடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். வீட்டு வேலைக்கு மலையகத்திலிருந்து வந்த பெண் யாராவது இருக்கிறாரா? அவருக்குத் தனிக் கோப்பை, தனித் தட்டு என்று இருக்கிறதா, அவர் நாற்காலியில் இருப்பாரா நிலத்தில் இருப்பாரா? "வெயிலுக்குள்ள போகாதே, கறுத்துப்போவாய்" என்று பிள்ளையிடம் யாராவது சொல்கிறார்களா? சிங்களவரோடும் முஸ்லிமோடும் மரியாதையாக நடக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, இதில் கண்ணை மூடிக்கொள்ளும் பல வீடுகளைப் பார்க்கிறேன். மனிதரைத் தட்டு வைத்துப் பிரிக்கலாம் என்று குசினியில் கற்ற பிள்ளை அதை வெளியிலும் செய்யும்.

நேர்சரி ரீச்சரிடம் ஒருமுறை கதையுங்கள். பல நேர்சரிகளில் கலாசார தினம் என்று ஒன்று வைக்கிறார்கள். ஒசரி கட்டிய பிள்ளை, பட்டுப் பாவாடைப் பிள்ளை, முக்காடு போட்ட பிள்ளை என்று மேடையில் வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் இனம் என்றால் உடுப்பு என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கும் வயதில் அதையே உறுதிப்படுத்துகிறது இது. அமெரிக்காவில் ரெபெக்கா பிக்லரும் சக ஆய்வாளரும் 2006 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று வாரம் சிவப்பு, நீலச் சட்டைகளைக் கொடுத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர்கள் "சிவப்பெல்லாம் இங்கே வாங்கோ, நீலமெல்லாம் அங்கே நில்லுங்கோ" என்று நிறத்தைச் சொல்லியே வகுப்பை நடத்தினார்கள். மற்ற வகுப்புகளில் நிறத்தைப் பற்றிப் பேசவேயில்லை. சொல்லி நடத்திய வகுப்புகளில்தான் தன் நிறத்தாரே உசத்தி என்ற எண்ணம் கூடியிருந்தது. உடுத்தி நிறுத்துவதற்குப் பதில், எல்லோரும் சேர்ந்து ஒரு வெசாக் கூடு கட்டட்டும், அடுத்ததாகச் சேர்ந்து ஒரு பொங்கல் கோலம் போடட்டும். அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஓல்போர்ட் 1954 இலேயே எழுதினார்: சும்மா பக்கத்தில் இருந்தால் போதாது, சமமான இடத்தில் நின்று, ஒரே நோக்கத்துக்காக, பொறுப்பில் உள்ளவர்களின் ஆதரவோடு சேர்ந்து வேலை செய்யும்போதுதான் தப்பெண்ணம் குறையும். அந்தச் "சமமான இடம்" எங்களுக்கு முக்கியம். பாட்டும் விளையாட்டும் சிங்களத்தில் மட்டும் நடக்கிறதா என்று ரீச்சரிடம் கேளுங்கள். அப்படியானால் தமிழ்ப் பிள்ளை எப்போதும் ஒரு படி கீழேதான் நிற்கும். இரண்டு தமிழ்ப் பாட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள். நீங்களே போய்ச் சொல்லிக்கொடுக்கலாம்.

தரம் ஒன்றைப் பற்றிய கேள்விக்கு என் நேரடியான பதில்: தமிழ் மொழிமூலத்தில் சேருங்கள், பயப்படாதீர்கள். வீட்டு மொழியில் ஊன்றி எழுத வாசிக்கக் கற்ற பிள்ளைக்குத் தன் மொழியில் கூச்சம் இருக்காது. உங்கள் மகளுக்கு இப்போது தேவைப்படுவது அதுதான். மொழிமூலத்தைப் பொறுத்து வகுப்புகளும், பல இடங்களில் பாடசாலைகளுமே பிரிந்து கிடப்பது இந்த நாட்டின் குறை. அதை ஒரு தாய் மாற்ற முடியாது, ஆனால் பின்னேரங்களை மாற்றலாம். சிங்களம், தமிழ் இரண்டு மொழிமூலமும் ஒரே வளாகத்தில் உள்ள பாடசாலை கிடைத்தால், இடைவேளையிலும் விளையாட்டிலும் பிள்ளைகள் உண்மையில் கலக்கிறார்களா என்று அதிபரிடம் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் நீச்சல், நடனம், தொடர்மாடிக் கீழ்த்தளத்து விளையாட்டு என்று ஏதாவது ஒன்றில், தவணை முழுக்கத் தொடரும்படி, கலந்து பழக வையுங்கள். அந்தச் சிங்களத் தோழியை விட்டுவிட வேண்டாம். தாயின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். மாமியும் வீட்டில் இருக்கும் நாளாக இருந்தால் நல்லது. இரண்டு சின்னப் பிள்ளைகள் அவர் கட்டிலில் ஏறிக் குதிக்கும்போது அவரே பலகாரத் தட்டோடு வரலாம், வராமலும் இருக்கலாம். அதை அவர் போக்குக்கு விடுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். மகள் பொட்டைத் தானே தேய்த்து அழிப்பது, வெளியே தமிழ் கதைக்க மறுப்பது, காலையில் நேர்சரிக்கு அழுவது, இரவில் படுக்கையை நனைப்பது போன்றவை சில வாரங்களுக்குத் தொடர்ந்தால், இது மனப்பான்மைப் பிரச்சினை அல்ல. அவளை யாரோ கேலி செய்திருக்கலாம், வைதிருக்கலாம். பிள்ளையோ பெரியவரோ யாராகவும் இருக்கலாம். அப்போது அவளைத் திருத்தப் பார்க்காமல் ரீச்சரிடம் போய் விசாரியுங்கள். பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பிள்ளைகளுக்கான உளநல சிகிச்சை வசதி இருக்கிறது. போகும்போது பிள்ளை தமிழ்தான் கதைப்பாள் என்பதை முதலிலேயே சொல்லி, தமிழில் பேசக்கூடிய ஒருவரைக் கேட்டு வாங்குங்கள்.